பகை என்று சொல்லிவிட்டேன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் ஊரில் யாராவது வந்து சொல்லிவிடுவார்கள். நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துப் படித்தேன், அதுவும் என் மகளுடைய பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு. அதில் ‘பூசல்’ என்று ஒரு சொல் வந்தது. என்ன அர்த்தம் என்று மகளைக் கேட்டேன். சண்டை என்றாள். எந்தச் சண்டை என்று கேட்டேன். சண்டையில் எந்தச் சண்டை என்று வேறு உண்டா, சண்டை என்றால் சண்டைதான் என்றாள். கொல்லிமலையில் பிறந்தவள் பேசுகிற பேச்சா இது என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் ஊர் அந்த மலையில் பைல் நாட்டில் இருக்கிறது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் அங்கே ஒருவருக்கொருவர் ஆகவில்லை என்றால், அதற்குச் சரியான பெயரைச் சொல்லியாக வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் அது சடவு. சடவை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், சளி பிடித்த மாதிரி நாலு நாளில் தானாகப் போய்விடும். குரல் உயர்ந்துவிட்டால் சண்டை. சண்டை போட்ட இரண்டு பேரையும் ஊர் முன்னால் நிறுத்தி ஒரே சொம்பில் மோர் குடிக்க வைப்பார்கள். அந்த மோர் எப்போதும் புளித்துப்போயிருக்கும். அதற்கென்றே இரண்டு நாள் புளிக்க வைக்கிறார்கள் என்பது என் சந்தேகம். வரப்பு, மாடு, மரம் என்று வந்துவிட்டால் அது வழக்கு. வழக்குக்கு ஊர்க்கவுண்டரும் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுவார்கள், வெற்றிலை தீர்கிற வரைக்கும் பேசுவார்கள்.

கடைசியில் ஒன்று இருந்தது. அதுதான் பகை. பகைக்கு மோரும் கிடையாது, வெற்றிலையும் கிடையாது. ஒரு வீடு இன்னொரு வீட்டைப் பார்த்து ஊர் முன்னால் பகை என்று சொல்லிவிட்டால், இரண்டில் இளைய வீடு ஆடி நோம்பித் திருவிழாவுக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும். அதுவரைக்கும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை, பேச்சு இல்லை. வெட்டுக் குத்து நடக்காமல் இருக்க யாரோ செய்து வைத்த ஏற்பாடு அது. என் மாமனார் காலத்தில் ஒரே ஒரு தரம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள். கொடுவாளால் வெட்டிக்கொண்ட இரண்டு பேர் விஷயத்தில். அதற்கப்புறம் அதைச் சொன்னவள் நான். அடுப்பு நெருப்பு விஷயத்தில்.

என் கொழுந்தனாரின் பெண்டாட்டி, அதாவது என் ஓரகத்தி, வாசலூர்பட்டிப் பக்கத்துப் பெண். நான் வாழ்க்கைப்பட்டு மூன்று வருடம் கழித்து எங்கள் குடும்பத்துக்கு வந்தாள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இருபது எட்டு இருக்கும். களை எடுப்பதும் சாமை குத்துவதும் தண்ணீருக்குப் போவதும் இரண்டு பேரும் சேர்ந்துதான். அவளுக்கும் வாய் சும்மா இருக்காது. நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள். நாங்கள் பேசிக்கொண்டே குத்தினால் வாய்க்காற்றிலேயே உமி தனியாகப் போய்விடும் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அப்போது எங்கேயோ பெரிய யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அது தீப்பெட்டி கிடைக்காத காலம். ராத்திரி அடுப்பில் தணலைச் சாம்பல் போட்டு மூடி வைப்போம், விடிந்ததும் ஊதிப் பற்ற வைப்போம். எனக்கு அந்தக் கைவாகு இல்லை. ஒரு நாள் சாம்பலை அதிகமாகப் போட்டு அணைத்துவிடுவேன், ஒரு நாள் குறைவாகப் போட்டு எல்லாம் எரிந்து போயிருக்கும். அதனால் விடிந்தால் ஒரு ஓட்டுச்சில்லை எடுத்துக்கொண்டு ஓரகத்தி வீட்டுக்குப் போய்த் தணல் வாங்கி வருவேன். அவளும் முகம் சுளிக்காமல் கொடுப்பாள்.

ஒரு நாள் ஊற்றடியில் ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தோம். அவள் எல்லோரிடமும் சொன்னாள்: “எங்கக்கா ஊட்டு அடுப்புல நெருப்பு நிக்கறதே இல்லீங்க. அதுவும் அவளுக்குப் பயந்துக்கிட்டு ஓடிப் போயிருது.”

எல்லோரும் சிரித்தார்கள். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நல்ல பேச்சுத்தான். ஆனால் எங்கள் பக்கம் அடுப்பில் நெருப்பு நிற்காதவள் என்று ஒரு பெண்ணைச் சொன்னால், குடித்தனம் பண்ணத் தெரியாதவள் என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. நான் வாசலூர்பட்டிப் பெண்களின் லட்சணத்தைப் பேசினேன். அவள் என் பிறந்த வீட்டுக் களியைப் பேசினாள், உப்புப் போட மாட்டார்களாம். நான் அவள் நடையைப் பேசினேன். குடம் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது, ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை.

அடுத்த நாள் விதைப்புக் கூட்டம். வைகாசியில் சாமை விதைக்கும் முன்னால் ஊர் முழுவதும் கோவில் முன்னால் விதைக்கூடையோடு கூடும். ஊர்க்கவுண்டர் ஒவ்வொரு வீடாகக் கேட்பார்: “மனசுல ஏதாச்சும் வெச்சிருக்கறீங்களா? வெச்சுக்கிட்டு வெதைக்காதீங்க.” ஒன்றுமில்லீங்க என்று வீட்டுக்கு ஒருவர் சொல்வார்கள். எங்கள் முறை வந்தபோது என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்றேன்.

“நாங்க வெச்சிருக்கறோமுங்க” என்றேன்.

“என்ன கண்ணு, சடவா?” என்று ஊர்க்கவுண்டர் கேட்டார். பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“சடவு இல்லீங்க.”

“அப்பச் சண்டையா? மோரு கொண்டாரச் சொல்லட்டுமா?”

இப்போது கூட்டமே சிரித்தது. ஊற்றடி விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. நான் திரும்பி என் ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் விதைக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், அவள் உதட்டோரத்திலும் சிரிப்பு இருந்தது. அதைப் பார்த்தேன், பாருங்கள், அதுதான் வினை.

“பகைங்க” என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஊர்க்கவுண்டர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு என்றார். மூன்று தரம் கேட்க வேண்டும் என்பது முறை. இரண்டாம் தரம் கேட்டபோதாவது நான் வாயை மூடியிருக்கலாம். இரண்டாம் தரம் முதல் தரத்தைவிடச் சத்தமாகச் சொன்னேன், மூன்றாம் தரம் அதையும்விட. அப்படி ஒரு பிறவி நான். என் ஓரகத்தி கூடையை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். என் வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அந்த மோரைக் குடிச்சிருந்தா என்ன கொறைஞ்சா போயிருப்பே?”

“அது புளிச்ச மோருங்க” என்றேன்.

மறுநாள் விடிந்தது. அடுப்பைக் கிளறினேன், வெறும் சாம்பல். ஓட்டுச்சில்லைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டேன், அங்கே வந்த பிறகுதான் எனக்கு நினைவே வந்தது. எதிரே அவள் வீட்டுக் கூரையில் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. நான் மேட்டில் ஏறி ஊரின் அந்தக் கடைசியில் இருந்த வீட்டுக்குப் போய்த் தணல் வாங்கி வந்தேன். வருகிற வழியில் பாதி அணைந்துவிட்டது.

பகை என்பது சொல்லும்போது ஒரு வார்த்தை, கடைப்பிடிக்கும்போது பெரிய வேலை. அவள் காலையில் ஊற்றுக்குப் போனால் நான் வெயில் ஏறின பிறகு போக வேண்டும். அவள் வாசல் வழியாகப் போகிற தடத்தில் நான் நடக்கக் கூடாது, அதனால் முள்ளுக்குள் புதிதாக ஒரு தடம் போட்டுக்கொண்டேன். களை எடுக்கும்போது ஏதாவது நல்ல பேச்சு மனதில் வரும், அதைச் சொல்லப் பக்கத்தில் திரும்புவேன், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரரிடம் சொன்னால், ம் என்பார். அவர் நல்லவர், ஆனால் ‘ம்’ என்பதற்கு மேல் அவருக்குப் பேச்சு வராது.

இதில் அவள் கோழி வேறு. அதற்குப் பகை தெரியவில்லை. வழக்கம்போல என் வீட்டுக் கூடையில் வந்து முட்டையிட்டுவிட்டுப் போனது. முன்பெல்லாம் நான் முட்டையை எடுத்துப் போய்க் கொடுப்பேன், பாதியை அவள் எனக்கே திருப்பித் தருவாள். இப்போது கொடுக்கவும் முடியாது, தின்னவும் முடியாது. பதினொரு முட்டை சேர்ந்துவிட்டது. ஊர்க்கவுண்டரிடமே போய்க் கேட்டேன். அவர் வெகுநேரம் மேலே பார்த்து யோசித்தார். எங்கள் முறையில் முட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. “அடை வெச்சுரு கண்ணு” என்றார் கடைசியில். குஞ்சு யாருடையது என்று கேட்டேன். “பொரிச்ச பொறவு அதுக்கு ஒரு வழக்குப் பேசிக்கலாம்” என்றார்.

உண்மையில் நான் முட்டைக்காகப் போகவில்லை. போன காரியத்தை மெதுவாக எடுத்தேன். “ஏனுங்க, நா அன்னைக்குச் சொன்னது கோவத்துல வந்துருச்சுங்க. அதை எடுத்துக்கறனுங்க.”

அவர் தலையை ஆட்டினார். “சொன்னவ எடுக்க முடியாது கண்ணு. கேட்டவதான் எடுக்கோணும். ஆடி நோம்பியன்னைக்கு உன்ர ஓரகத்திய ஊரு முன்னால ஒரு தரம் கேப்பேன். அவ பகை இல்லீன்னா இல்லே. ஆமான்னா அன்னைக்கே பொறப்பட வேண்டியதுதான்.”

“நா அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கறனுங்களே.”

“ஆகாது. நீயும் கெஞ்சப்படாது, ஊருக்காரங்க ஒருத்தரும் உனக்காகப் பேசப்படாது. கெஞ்சி வாங்குனா அது அவ வார்த்தை இல்லே பாரு.”

திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் என் மாதிரியே ரோசக்காரி. நானாக இருந்திருந்தால் ஆமாம் பகைதான் என்று மூன்று தரம் சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டியிருப்பேன். அவள் மட்டும் வேறு மாதிரி ஏன் சொல்லப் போகிறாள்.

அதற்குத் தகுந்தாற்போல என் கொழுந்தனார் மூங்கில் வெட்டிக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் போட ஆரம்பித்தார். வாசலூர்பட்டியில் மாமனார் வீட்டுப் பக்கம் ஒரு துண்டு நிலம் தருகிறார்களாம், அங்கே வீடு கட்டப் போகிறார்களாம். முதல் நாள் ஐந்து மூங்கில் கிடந்தது. ஒரு வாரத்தில் முப்பது ஆகிவிட்டது. நான் முள்தடத்தில் நின்று தினமும் அதை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். ஒரு கோபத்தில் ஒருத்தியை ஊரை விட்டே துரத்துகிறேனே, பாவி, இனி இந்தக் காட்டில் யாரோடு பேசிச் சாவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சொல்லிவிட்டு, அவள் மட்டும் ஊற்றடியில் அப்படிச் சொல்லலாமா என்று மறுபடியும் கோபப்படுவேன்.

ஆனி மாதத்தில் அடிவாரத்து ராவுத்தர் வந்தார். மட்டக்குதிரையில் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு சோளக்காட்டுச் சந்தைக்கு வந்து, அங்கிருந்து ஊர் ஊராக நடந்து வருவார். உப்புக்குப் பதிலாக மிளகும் பலாப்பழமும் வாங்கிப் போவார். ஊர்க்கவுண்டர் அவரை உட்கார வைத்து யுத்தத்தைப் பற்றி விசாரித்தார். “வெள்ளைக்காரங்களுக்குள்ள இருக்கறது வழக்கா, பகையா?” என்று கேட்டார்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. தீப்பெட்டி வரலை, மண்ணெண்ணெய் வரலை. அவ்வளவுதான் தெரியும்” என்றார் ராவுத்தர்.

“எல்லைக்காகன்னா வழக்குத்தான். யாராச்சும் உக்காந்து பேசி விட்டிருக்கலாம்” என்றார் ஊர்க்கவுண்டர். அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு யோசனை வந்தது. ராவுத்தர் ஊர்க்காரர் இல்லை. அவர் எனக்காகக் கெஞ்சக் கூடாதுதான், ஆனால் உப்பு விற்கப் போகிற இடத்தில் ஒரு விசாரிப்பு விசாரித்தால் யார் என்ன சொல்ல முடியும். என் வீட்டில் உப்பு அளக்கும்போது அவரிடம் சொன்னேன்: “எதுத்த ஊட்டுக்குத்தான போறீங்க? அந்த ஊட்டுக்காரிக்குக் கால்ல முள்ளுக் குத்தி வீங்கி இருந்துது. தேவலையான்னு கேட்டுட்டு வாங்க. நா கேட்டன்னு சொல்ல வேண்டாமுங்க.”

அவர் போய்விட்டு வந்தார். முகத்தில் ஒரு மாதிரி சங்கடம். “நீங்க கேட்டதா நான் சொல்லவே இல்லைங்க தாயி. ஆனா அந்தம்மா கண்டுபிடிச்சிட்டாங்க.”

“என்ன சொன்னா?”

“‘கேக்கறவளுக்குக் கால் இல்லையா’ன்னு கேட்டாங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அடுத்த நொடியே சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. ஒன்றரை மாதம் கழித்து அவள் வாயிலிருந்து எனக்கென்று வந்த முதல் பேச்சு அது. அதை மாலை வரைக்கும் நான் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராவுத்தர் பயந்துபோய் ஒரு கைப்பிடி உப்புக் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனார்.

ஆனால் மறுநாள் என் கொழுந்தனார் கூரைக்குப் புல் அறுத்துக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து மூங்கிலுக்குப் பக்கத்தில் அடுக்கினார். அந்த ஒரு பேச்சில் எனக்கு வந்த தைரியம் அத்தோடு போய்விட்டது. திட்டினால் பகை இல்லை என்று எந்த முறையிலும் சொல்லி வைக்கவில்லையே.

ஆடி நோம்பி வந்தது. கோவில் முன்னால் பறை அடித்தார்கள், பொங்கல் வைத்தார்கள். எல்லோரும் புதுத்துணியில் இருந்தார்கள். எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. அவள் எனக்கு எதிர்ப்பக்கம் நின்றாள். இளைத்துப் போயிருந்தாள். அவள் வீட்டுச் சாமான் மூட்டை கட்டித் தயாராக இருக்கிறது என்று காலையிலேயே கேள்விப்பட்டிருந்தேன்.

பொங்கல் இறக்கின பிறகு ஊர்க்கவுண்டர் பறையை நிறுத்தச் சொன்னார். அவளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்.

“உன்ர மூத்தவ விதைப்பன்னைக்கு ஊரு முன்னால பகைன்னு சொன்னா. மூணு தரம் சொன்னா. நீ என்ன சொல்றே?”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “அவ பேச்சுக்கு நா என்னங்க சொல்றது” என்றாள்.

“ஒரு தரந்தான் கேப்பேன் கண்ணு. பகையா, இல்லையா?”

நான் என் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன். இந்த வாயை நம்ப முடியாது, ஏதாவது சொல்லிவிட்டால் அதோடு எல்லாம் கெட்டது. என் வீட்டுக்காரரும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் என் வாய் மேல் நம்பிக்கை இல்லை.

அவள் நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள். கோபம் கொஞ்சமும் குறையாத முகம். “பகைன்னா அவ மூஞ்சியப் பாக்காமயே எனக்குச் சோறு எறங்கோணுமுங்க” என்றாள். “எறங்கலீங்களே.”

ஊர்க்கவுண்டர் தொண்டையைக் கனைத்தார். “அப்ப இதுக்கு என்ன பேரு?”

“சண்டைங்க. ஊத்தடியில பாதியில நிக்குது. மீதி இருக்குதுங்க.”

எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள், பறைக்காரர் யாரும் சொல்லாமலே அடிக்க ஆரம்பித்தார். மோர் வந்தது. அவள் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொம்பை என் கையில் கொடுத்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மிச்சத்தைக் குடித்தேன். குமட்டுகிற புளிப்பு. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

வெயில் தாழ்கிற நேரத்தில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலில் நின்று ஆரம்பித்தாள். ஒரு பேச்சுக்கு ஊரை விட்டே அனுப்பப் பார்த்தாயே, நீயெல்லாம் ஒரு அக்காளா என்றாள். ரெண்டு மாசமா ராத்திரி தூங்கலே என்றாள். மூங்கில் வெட்டி அவள் புருஷன் கை புண்ணானதைச் சொன்னாள், கூரைப்புல் அறுத்ததைச் சொன்னாள், பதினொரு முட்டையைச் சொன்னாள், என் பிறந்த வீட்டுக் களியை மறுபடியும் சொன்னாள். நான் உரல் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். சுளகில் இருந்த சாமை அப்படியே கிடந்தது.

நான் பதில் பேசாமல் இருப்பது அவளுக்குப் புரியவில்லை. பாதியில் நிறுத்தினாள். “என்னக்கா, வாயடைச்சுப் போச்சா?”

“இல்ல கண்ணு” என்றேன். “நீ பேசு. நா கேக்கறேன்.”